பச்சையம்மாள் வீட்டுக்கு நான் வாங்கிய வைஃபை பெட்டி

"தேவா இந்த ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடவில்லை" என்று பச்சையம்மாளிடம் சொன்னேன். அது பொய். நான் அவர் வீட்டு வாசலுக்குப் போவதற்குச் சற்று முன்புதான் அவருடைய மகன் என் கைபேசிக்கு அழைத்து, அம்மாவைப் பிடிக்க முடியவில்லையே, நன்றாக இருக்கிறாரா என்று கேட்டிருந்தான். அம்மா தூங்குகிறார் என்று மகனிடம் சொன்னேன். மகன் கூப்பிடவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். ஒரு முறை வாய் தவறி வந்த பொய் என்றால் இதை எழுத வேண்டியிருக்காது. தீபாவளி கழிந்து தைப்பூசம் வரும்வரை, வாரா வாரம், முகம் மாறாமல் அதையே சொன்னேன். நான் பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்னவன் என்பதால் இருவருமே என்னைச் சந்தேகப்படவில்லை.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மலாய் நாட்டில், கெடா மாநிலத்தில் லூனாஸ் என்ற சிறு பட்டணத்திலிருந்து உள்ளே போனால் செம்பனைத் தோட்டம், எண்ணெய் எடுக்கும் பனை. தோட்டத்துக்குள் தொழிலாளர்களுக்கென்று அந்தக் காலத்தில் கட்டிய தகரக் கூரை வரிசை வீடுகள். லயம் என்பார்கள். நான் வந்த புதிதில் அந்தக் கூரை விளிம்புகளில் பிளாஸ்டிக் பைகள் தொங்குவதைப் பார்த்துத் திகைத்தேன். இங்கே கடைகளில் தேநீரைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கயிற்றால் கட்டிக் கொடுப்பார்கள். யாரோ குடிக்க மறந்து மாட்டி வைத்தது என்று நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் பைக்குள் கைபேசி. மரங்களுக்கும் தகரத்துக்கும் நடுவே வீட்டுக்குள் அலை கிடைப்பதில்லை. கூரை விளிம்பில், அதுவும் சில மூலைகளில் மட்டும், கொஞ்சம் கிடைக்கும். நேபாளத்திலிருந்து குலை வெட்ட வந்திருக்கும் பையன்கள் வேலை முடிந்து வந்ததும் கைபேசியை அங்கே தொங்கவிட்டு, கீழே நின்று அண்ணாந்தபடி தங்கள் வீட்டாரோடு உரக்கப் பேசுவார்கள். நம் ஊரில் மழை வருமா என்று பார்க்கத்தான் அப்படி அண்ணாந்து நிற்போம்.

தஞ்சாவூர்ப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் நான் இயற்பியல் ஆசிரியராக இருந்தேன். மனைவி இறந்த பிறகு, திருச்சியில் இருக்கும் மகன் வீட்டில் கொஞ்ச காலம் இருந்து பார்த்தேன். இரண்டு பேருக்கும் சரிப்படவில்லை. மகள் கலா இங்கே குணசேகரனைக் கட்டிக்கொண்டு வந்தவள். "இங்க வந்துடுங்கப்பா" என்றாள். வந்தேன். அலோர் ஸ்டாரில் உள்ள குடிநுழைவு அலுவலகத்துக்குப் போய் அனுமதியைப் புதுப்பித்துப் புதுப்பித்து, இப்போது லயத்தின் முதல் வீட்டில், சாலையைப் பார்த்த ஜன்னலோரம் என் கட்டில் கிடக்கிறது. மாப்பிள்ளை குலிமில் தொழிற்சாலை வேலை. அவருடைய தந்தை இதே தோட்டத்தில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். பால்மரமெல்லாம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பழைய தமிழ்க் குடும்பங்களில் பாதி பட்டணத்துக்குப் போய்விட்டன. காலியான வீடுகளில்தான் நேபாளத்துப் பையன்கள்.

பச்சையம்மாள் வீடு கடைசி. அதற்கு அப்பால் ஓடை, பிறகு செம்பனை. கணவர் இல்லை. ஒரே மகன் தேவா, ஆஸ்திரேலியாவில் பழத்தோட்டம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தான். சுற்றுலா அனுமதியில் போய் அங்கேயே தங்கிவிட்டவன். திரும்பி வந்தால் மறுபடி போக முடியாது. அதனால் வரவில்லை. முன்பெல்லாம் பச்சையம்மாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாலைவரை நடந்து வந்து, மாரியம்மன் கோயில் படிக்கட்டில் உட்கார்ந்து மகனோடு பேசுவார். சர்க்கரைப் புண் வந்து காலில் கட்டுப் போட்ட பிறகு அவ்வளவு தூரம் முடியவில்லை. தேவா என்னிடம் கேட்டான். அவன் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"சார், அம்மாவுக்கு ஒரு வைஃபை மெஷின் எடுத்துக் குடுங்க. லோக் பண்ணாத மெஷினா பாருங்க சார். நம்ம லயத்துல ஒரு வீட்டுக்கு ஒரு கம்பெனி லைன்தான் வரும். எது வருதோ அந்தக் கார்டப் போட்டுக்கலாம். லோக் பண்ணதுன்னா ஒரே கார்டுதான். அப்புறம் சுசா லா."

லோக் என்றால் லாக், பூட்டு. சுசா என்றால் தொல்லை. மலாய்ச் சொல். அவன் சொன்னது முழுக்கச் சரி. மின்காந்த அலையைப் பற்றிக் கரும்பலகையில் வருடா வருடம் படம் போட்டவனுக்கு அது புரியாமல் இல்லை.

மாப்பிள்ளை தன் காரில் என்னையும் பச்சையம்மாளையும் குலிமில் ஒரு கடையில் இறக்கிவிட்டு வேலைக்குப் போனார். மேசைமேல் இரண்டு பெட்டிகள் வைத்தார்கள். ஒன்று எந்த நிறுவனத்தின் சிம் கார்டையும் ஏற்கும் பெட்டி. தேவா அனுப்பியிருந்த பணம் அதற்குப் போதும். மற்றது ஒரே நிறுவனத்துக்குப் பூட்டப்பட்டது. அதை எடுத்தால் கூடவே கைபேசிக்கு இன்னொரு சிம் கார்டு தருவார்கள். அதிலிருந்து இந்தியாவுக்கு எவ்வளவு நேரமும் பேசலாம். கடைப் பெண் மலாய்க்காரி, சின்ன வயது. பூட்டிய பெட்டியைத் தொட்டுக் காட்டி, "பாக்சிக், யாங் நி சுடா லோக். காட் லாயின் தாக் போலே" என்றாள். பச்சையம்மாள் இந்த நாட்டிலேயே பிறந்தவர். என்னைவிட நன்றாக மலாய் தெரியும். என் பக்கம் திரும்பி, "இதுல வேற கார்டு போட முடியாதாம் சார். பரவால்லயா?" என்று கேட்டார்.

"வேற கார்டு எதுக்கு? இதே போதும்" என்றேன்.

அந்தப் பெண் விடவில்லை. வீடு தோட்டத்துக்குள் இருக்கிறதே, அங்கே இந்த நிறுவனத்தின் அலை வருகிறதா என்று பார்த்தீர்களா என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். நம் ஊரில் அந்த ஆட்டலுக்கு ஆமாம் என்றும் பொருள், பார்க்கலாம் என்றும் பொருள், ஆளை விடு என்றும் பொருள். அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள். நான் திருத்தவில்லை. எனக்கு அந்த இரண்டாவது சிம் வேண்டியிருந்தது. திருச்சியிலிருக்கும் மகனோடு பேச வேண்டும் என்ற எண்ணம் எனக்கு ஒரு நோய்போல ஆகியிருந்தது. என் கைபேசியிலிருந்து இந்தியாவுக்குப் பேசினால் செலவு தாங்காது, கலாவின் கைபேசியில் பேசினால் பக்கத்தில் அவள் இருப்பாள். எனக்கென்று ஒரு தொடர்பு, நேரம் பார்க்காமல், யாரையும் கேட்காமல். அந்த ஆசைதான் அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தது.

"கூட வர சின்னக் கார்டு உங்களுக்கு உதவாது. நான் வச்சுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"எடுத்துக்கோங்க சார். எனக்கு இந்தியாவுல யாரு இருக்கா? எங்க தாத்தா கப்பல் ஏறினப்பவே அங்க கதவச் சாத்திட்டு வந்துட்டாரு" என்று சொல்லிச் சிரித்தபடி, தன் அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தார். நான் வெளிநாட்டுக்காரன். ஒப்பந்தம் அவர் பெயரில்தான் போட முடியும்.

மறுநாள் போய்ப் பார்த்தால் பெட்டி சாமி மேடையில் இருந்தது. முருகன் படத்துக்கும் கணவர் படத்துக்கும் நடுவில், நெற்றியில் விபூதி குங்குமத்தோடு, ஒரு துண்டு மல்லிகைச் சரத்தோடு. நான் சிரித்துவிட்டேன்.

"என்னா சார் சிரிக்கிறீங்க? பிரிட்ஜுக்கு வச்சேன், பேனுக்கு வச்சேன். என் புள்ள மொகத்தக் கொண்டாரப்போற ஜாமான். இதுக்கு வைக்காம?"

புதிதாக எது வந்தாலும் பொட்டு வைத்துச் சாமியிடம் காட்டிவிட்டுத்தான் இங்கே புழங்குவார்கள். கார் வாங்கினால் கோயிலுக்கு ஓட்டிப் போவார்கள். பச்சையம்மாள் பெட்டியைச் சாமியிடம் காட்டியதோடு நிற்காமல் அங்கேயே குடிவைத்துவிட்டார். வீட்டின் நடு அறை, ஜன்னல் இல்லாத இடம். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. சிவப்பு நல்ல நிறம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அலை கிடைக்கவில்லை என்பதற்கான அடையாளம் அது. எனக்கு ஒரு வழி கிடைத்தது. "சாமி மேடையில் வைத்தால் எப்படி வேலை செய்யும்? அதுதான் கோளாறு" என்றேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. முருகனிடம் ஏதோ முணுமுணுத்துவிட்டு, பெட்டியைத் துடைத்து, சமையலறை ஜன்னலில் வைத்தார். அங்கேயும் சிவப்புதான். வாசலில் வைத்தோம். கூரை விளிம்பில் கட்டினோம். சிவப்பு. பல நாள் கழித்தும், "நான் பொட்டு வச்சதுல உள்ளாற எதாச்சும் ஒட்டிக்கிச்சா சார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இல்லை என்று நான் சொல்லவில்லை.

பெட்டியை எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்து சாலைப் பக்க ஜன்னலில் வைத்தேன். உடனே நீல விளக்கு. ஆக, பெட்டியில் பழுது இல்லை. இந்த நிறுவனத்தின் அலை சாலையோரம் வரும், ஓடைப் பக்கம் வராது. பச்சையம்மாள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் நேபாளத்துப் பையன்களின் பை பின்பக்கக் கூரை விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் எந்த நிறுவனத்தின் கார்டு போட்டிருக்கிறார்கள் என்று கேட்டேன். வேறு நிறுவனம். அந்தக் கார்டை வாங்கி இந்தப் பெட்டியில் போட்டுக் கூரையில் கட்டினால் காரியம் முடிந்தது. ஆனால் இந்தப் பெட்டி அதை ஏற்காது. தேவா முன்கூட்டியே சொன்னது அதைத்தான். அவன் வேண்டாம் என்ற பெட்டியைத்தான் நான் வாங்கியிருந்தேன்.

வேறு பெட்டி வாங்கியிருக்கலாம். ஒப்பந்தத்தை முறித்தால் என் சின்ன சிம்மும் போய்விடும். அதைவிட, நான் தெரிந்தே தவறினேன் என்று இந்த லயத்தில் தலை குனிய வேண்டும். சரி, என் கைபேசியையாவது கொண்டுபோய்ப் பச்சையம்மாளிடம் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அவரைச் சாலைப் பக்கம் உட்கார வைத்துப் பேசவிட்டிருக்கலாம். கொடுத்தால், புது மெஷின் என்ன ஆயிற்று என்றுதான் மகன் முதலில் கேட்பான். லோக் பண்ணினதையா எடுத்தார் என்பது அடுத்த வார்த்தையில் வெளியே வந்துவிடும். அந்தக் கேள்விக்குப் பயந்துதான், மெஷின் நன்றாக இருக்கிறது, அம்மா தூங்குகிறார் என்றேன். கலாவுக்குக்கூடத் தெரியாது.

அந்த நாட்களில் நான் திருச்சிக்குத் தினமும் அழைத்தேன். மகன் பெரும்பாலும் எடுக்கவில்லை. எடுத்தால், "மீட்டிங்ல இருக்கேன்பா, அப்புறம் கூப்பிடுறேன்" என்பான். ஒரு தடவை மருமகள் எடுத்து, "மாமா, அங்க எல்லாம் சௌக்கியமா? எதாவது அவசரமா?" என்று கேட்டாள். அவசரம் இல்லை என்றதும் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்கவில்லை. அங்கே மாலை வெயில் எப்படி என்று கேட்டேன்.

பொங்கலுக்குப் பிறகு பச்சையம்மாள் காலில் புண் கறுத்தது. கலாவும் நானும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். விரல்களையும் பாதத்தின் முன்பகுதியையும் உடனே எடுத்தாக வேண்டும், விட்டால் மேலே ஏறும் என்றார் மருத்துவர். பச்சையம்மாள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என் மகன்கிட்ட ஒரு வார்த்த கேக்காம கத்தி வைக்க விடமாட்டேன். எங்க வீட்டுக்காரர் போனப்புறம் எல்லாம் அவன் சொல்லித்தான். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறதுகூட."

"அவன்தான் கூப்பிடவே இல்லையேக்கா" என்றாள் கலா, எரிச்சலும் அழுகையுமாக. அவளும் என் பொய்யைத்தான் நம்பியிருந்தாள்.

"கூப்பிடுவான் லா. எதோ கோவம். போறப்ப நான் ஏசினேன், அது மனசுல இருக்கு. நானாக் கூப்பிட்டா இன்னும் கோவம் ஏறும். தீந்தா அவனே கூப்பிடுவான். அதுக்கப்புறம் வெட்டிக்கலாம்."

தன் பொறுப்பில் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். காரில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கட்டையும் மீறி ஒரு வாடை வந்தது. அப்போதும் வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் அழைக்கட்டும், இந்த முறை கைபேசியை நேராகக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை தேவா அழைக்கவில்லை. அன்றைக்குத்தான் உண்மையாகவே அழைக்கவில்லை. அவன் எண்ணுக்கு நான் அழைத்தேன். அந்த எண் இப்போது பயன்பாட்டில் இல்லை என்று ஒரு ஆங்கிலக் குரல் சொன்னது.

மறுநாள் காலையில் காரில் போகும்போது மாப்பிள்ளையிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் காரை ஓரமாக நிறுத்தினார். "இது நமக்குள்ள பேசி முடியிற விசயமில்ல மாமா" என்றார். பிறகு கடைக்கு ஓட்டினார். பூட்டாத பெட்டி ஒன்று வாங்கினோம். நேபாளத்துப் பையன்கள் வைத்திருக்கும் நிறுவனத்தின் கார்டும் வாங்கினோம். என் சின்ன சிம்மைக் கடை மேசையில் வைத்து ரத்துச் செய்யச் சொன்னேன். பச்சையம்மாள் வீட்டுப் பின்பக்கம் நாற்காலி போட்டு ஏறிப் பெட்டியைக் கூரை விளிம்பில் கட்டினேன். நீல விளக்கு வந்தது. "வேலை செய்யுதா சார்?" என்று உள்ளேயிருந்து கேட்டார். செய்கிறது என்றேன். வேலை செய்யும் பெட்டி இருந்தது, அழைக்க எண் இல்லை. தேவாவின் கூட்டாளிகளைத் தேடி செமிலிங் என்ற ஊர்வரை போனேன். ஒருவனிடம் இன்னொருவனின் எண், அவனிடம் மற்றொருவனின் எண். எல்லோருக்கும் செய்தி அனுப்பினேன். பச்சையம்மாளுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது.

தைப்பூசம் முடிந்த வாரத்தில், நான் பச்சையம்மாள் வீட்டில் இருக்கும்போது, புது எண்ணிலிருந்து தேவா அவரை அழைத்தான். வேறு பழத்தோட்டத்துக்கு மாறியிருந்தான். திரையில் மகன் முகம் வந்ததும் பச்சையம்மாள் அழவில்லை. "ஏண்டா கூப்பிடல?" என்றார்.

"கூப்பிட்டேன்மா. வாரா வாரம் கூப்பிட்டேன். நீ தூங்குறேன்னு சார் சொன்னாரு. என்கூடப் பேச உனக்கு இஷ்டமில்லன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "ஞாயித்துக்கெழம மத்தியானம் நான் என்னைக்கு சார் தூங்கியிருக்கேன்?"

இரண்டு பேருக்கும் கேட்கும்படி எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டிய பெட்டி, சின்ன சிம், பொட்டு வைத்ததைக் குறை சொன்னது, எதையும் விடவில்லை.

"அந்தக் கார்டுல யார்கிட்ட சார் பேசுனீங்க?" என்று கேட்டார் பச்சையம்மாள்.

"என் மகனிடம்."

"பேசுனாரா?"

"இல்லை" என்றேன்.

அவர் திரையின் பக்கம் திரும்பி, "டேய், கால எடுக்கணும்ங்கிறாங்க. எடுக்கட்டுமா?" என்றார். தேவா அழுத குரலில், "எடுத்துரும்மா, இன்னைக்கே போ" என்றான். அன்றே போனோம். பாதத்தோடு முடிந்திருக்க வேண்டியது. முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள்.

தேவா அங்கே அதிகாரிகளிடம் தானாகப் போய் நின்று, விமானம் ஏறி வந்துவிட்டான். இனி அந்த நாட்டுக்குள் அவனை விடமாட்டார்கள். இப்போது இதே தோட்டத்தில் குலை ஏற்றும் லாரியில் வேலை செய்கிறான். வந்ததும் அவன் வீட்டுக்குப் போனேன். என்ன தண்டனை வேண்டுமானாலும் சொல் என்றேன். அவன் அம்மாவின் சக்கர நாற்காலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். "அங்க இருந்தப்ப, இங்க அம்மா இருக்காங்கங்கிற நெனப்புலதான் சார் இருந்தேன். அந்த ரெண்டு மூணு மாசம் நான் எங்க இருக்கேன்னே எனக்குத் தெரியல" என்றான். மறுபடி சக்கரத்தின் பக்கம் குனிந்தான். கோயில் கூட்டத்தில் எழுந்து நின்று லயத்துக்காரர்கள் எல்லோரிடமும் நானே சொன்னேன். யாரும் ஏசவில்லை. ஆங்கிலத்தில் வரும் கடிதங்களைப் படித்துக் காட்டச் சொல்லி என்னிடம் கொண்டு வருவது மட்டும் நின்றது. திருச்சிக்கே திரும்பிவிடலாமா என்று கலாவின் கைபேசியில் மகனைக் கேட்டேன். "உங்க ரூம்ல பையனுக்குப் படிக்க மேசை போட்டாச்சேப்பா" என்றான்.

இந்தியாவிலிருந்து வந்தவர்களை இங்கே ஊர்க்காரர் என்பார்கள். நம்மவர் இல்லை, அந்த ஊர் ஆள் என்று பொருள். போன மாதம் மாரியம்மன் கோயில் திருவிழாவில் பந்தி போட்டார்கள். பாயில் லயத்துக் குடும்பங்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தன, நேபாளத்துப் பையன்கள் மறுபக்கம். நடுவில் கிடந்த ஓர் இலையின்முன் நான் உட்கார்ந்தேன். தேவா சோற்று வாளியோடு வந்தான். எல்லோருக்கும் போட்ட அளவு எனக்கும் போட்டுவிட்டு நகர்ந்தான், பிறகு ரச வாளியோடும் வந்து போனான். பந்தி முனையில் சக்கர நாற்காலியிலிருந்து பச்சையம்மாள் பரிமாறுவதை மேற்பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஊர்க்காரருக்கு ரசம் ஊத்துனியாடா?" என்று கேட்டார்.

"ஊத்திட்டேன்மா."

நான் சாப்பிட்டேன். ஒரு பக்கம் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள், மறுபக்கம் நேபாளியில். இரண்டு பக்கத்திலும் யாரும் என்னை நெருங்கி உட்காரச் சொல்லவில்லை. எழுந்து போகவும் சொல்லவில்லை.